ஒன்பதாம் படியில் நிற்கிறவள்

முதலில் அந்த ஏணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது பிடிபடாவிட்டால் கதையே பிடிபடாது.

ஓர் அட்டை. அதில் பத்துப் படிகளோடு ஓர் ஏணி வரைந்திருக்கும். மேலே பத்து, கீழே ஒன்று. வீடு வீடாகப் போய், கதவைத் தட்டி, நாயிடம் கடிபடாமல் உள்ளே நுழைந்து, எழுபத்திரண்டு கேள்வி கேட்டு முடித்த பிறகு கடைசியாக இந்த அட்டையை நீட்ட வேண்டும். "மேல் படியில வசதி, படிப்பு, மதிப்பு எல்லாம் இருக்கறவங்க நிக்கிறாங்க. கீழ்ப் படியில எதுவுமே இல்லாதவங்க நிக்கிறாங்க. நீங்க எந்தப் படியில நிக்கிறீங்க?" இதுதான் கேள்வி. யோசித்து எழுதியவர்கள் குளுகுளு அறையில் உட்கார்ந்திருக்கும் பெரிய படிப்புக்காரர்கள். வெயிலில் அலைந்து கேட்கிறவர்கள் நம்ம ஃபாரம்மா மாதிரி ஆட்கள்.

ஃபாரம்மா என்பது அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. ஃபாரம் எடுத்துக்கொண்டு வருகிற அம்மா என்று ஏதோ ஒரு தெருப் பிள்ளைகள் கூப்பிட ஆரம்பித்து, அது அலுவலகம் வரை வந்து ஒட்டிக்கொண்டது. வயது நாற்பத்தாறு. தோளில் ஒரு பை, கையில் கிளிப் போட்ட பலகை, காலில் இரண்டு தடவை தைத்த செருப்பு. ஏழு வருஷமாக இந்தக் கணக்கெடுப்பு வேலை செய்கிறாள். ஏழு வருஷமும் தற்காலிகம்தான்.

அந்தக் கடைசிக் கேள்விக்கு மனிதர்கள் பதில் சொல்கிற அழகு இருக்கிறதே, அப்பப்பா! வாசலில் மூன்று கார் நிறுத்தியிருப்பவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நாமெல்லாம் நடுத்தரம்தாங்க. அஞ்சு போட்டுக்குங்க" என்பார். கூரை ஒழுகி, மழைக்கு வாளி வைத்திருக்கிறவரும் அதே அடக்கத்தோடு, "ஏதோ ஓடுது. அஞ்சு போடுங்க" என்பார். ஊரே அஞ்சாம் படியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றால் ஏணி தாங்குமா? ஃபாரம்மாவுக்கு இதெல்லாம் பழகிப் போய்விட்டது. வாய் கேள்வியைக் கேட்கும்போதே கை அஞ்சை எழுதத் தயாராகிவிடும்.

அப்படிப்பட்ட கைதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓர் ஒற்றை அறை வீட்டில் "ஒன்பது" என்று எழுதிவிட்டு வந்தது. அன்றைக்கு அது பதினோராவது வீடு. கால் வலி, தலைவலி. என்ன எழுதுகிறோம் என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

புதன்கிழமை காலையில் சூப்பர்வைசர் கூப்பிட்டனுப்பினார்.

சூப்பர்வைசருக்கு வயது முப்பத்திரண்டு. உட்கார்ந்தால் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். எதை எடுத்தாலும் "அவசரம், அவசரம்" என்பதால் எல்லோரும் அவருக்கு அவசரம் என்றே பேர் வைத்துவிட்டார்கள். அது அவருக்கும் தெரியும். கோபித்துக்கொள்ள அவருக்கு நேரமில்லை.

"மேடம், மூணாவது சிவப்புக் கொடி" என்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

ஃபாரத்தில் ஒரு பதில் இன்னொரு பதிலோடு ஒட்டவில்லை என்றால் கம்ப்யூட்டர் அதற்குச் சிவப்புக் கொடி போட்டுவிடும். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு கொடி. ஒருத்தர் வீட்டில் பதினொரு ஃப்ரிட்ஜ் என்று எழுதியிருந்தாள். அவர் ஃப்ரிட்ஜ் கடைக்காரர், கடையையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். இன்னொரு பெரியவருக்கு வயது நூற்றுப் பத்தொன்பது என்று எழுதியிருந்தாள். அவர் அப்படித்தான் ஒற்றைக் காலில் நின்றார்.

இப்போது மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை போன ஒற்றை அறை வீட்டுப் பெண்ணுடையது. ஐந்தாம் வகுப்புப் படிப்பு, ஒரே அறை, கழிப்பறை வெளியே நாலு குடும்பத்துக்குப் பொது, வண்டி இல்லை, வேலை ஆஸ்பத்திரியில், அதுவும் 'அடிமட்டத் தொழிலாளர்' என்ற பிரிவில். ஏணியில் மட்டும் ஒன்பது.

"கேள்வி அவங்களுக்குப் புரிஞ்சிருக்காது மேடம். தலைகீழா எண்ணியிருப்பாங்க. ரெண்டுன்னு திருத்தி, பக்கத்துல கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வெள்ளிக்கிழமை லிஸ்ட் மேல போகுது. மூணு கொடி இருந்தா உங்க பேரு தானா கழண்டுரும். என் கையில ஒண்ணுமில்ல. அவசரம் மேடம்!"

லிஸ்ட் என்றால் நிரந்தர வேலைக்கான லிஸ்ட். ஒரே ஓர் இடம். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அதில் ஃபாரம்மாவின் பெயர் முதலில் இருந்தது.

அந்த வேலை கிடைத்தால் என்ன ஆகும் என்று கேட்டால், வீடு மாற்றலாம். அவ்வளவுதான், அவளுக்கு அவ்வளவும் அதுதான். கணவர் போன பிறகு பதினொரு வருஷமாக அவளும் மகளும் அக்கா வீட்டுப் பின்னறையில் இருக்கிறார்கள். அக்கா கெட்டவள் இல்லை. அதுதான் கஷ்டமே. கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். அக்கா பிரியமாகத்தான், "நீ அப்புறம் துவைச்சுக்கோடி, இவரு சட்டையெல்லாம் முதல்ல போட்டுடறேன்" என்பாள். பிரியமாகத்தான், "விருந்தாளி வராங்க, பாப்பாவ உள்ள படிக்கச் சொல்லு" என்பாள். பாப்பாவுக்கு வயது பத்தொன்பது. காலேஜ் போகிறாள். அந்த அறையில் மேஜை மேல் அக்காவின் தையல் மெஷின் இருப்பதால் கட்டிலில் குப்புறப் படுத்துத்தான் எழுதுவாள். தனியாக வீடு பார்க்கலாமென்றால், தற்காலிக வேலைக்காரிக்கு எந்த வீட்டுக்காரர் சாவி கொடுப்பார்?

ஆகவே ஃபாரம்மா பேனாவை எடுத்தாள். நான் ஒளிக்கப் போவதில்லை, எடுத்துத்தான் விட்டாள். திருத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் அச்சடித்த ஒரு வரி இருக்கும்: 'நேரில் கேட்டு உறுதி செய்தேன்.' அதற்குக் கீழே கையெழுத்து. பேனா அந்த வரியில் வந்து நின்றது.

"நேர்ல கேக்காம எப்படி சார்?"

"அட, எல்லாரும் இங்க உக்காந்துதான் மேடம் உறுதி செய்யறாங்க!"

"போய்ட்டு ஒரு மணிக்குள்ள வந்துடறேன் சார்."

நேர்மையின் சிகரம் என்று நினைத்துவிடாதீர்கள். நேரில் போய் நைச்சியமாகப் பேசினால் அந்தப் பெண்ணே "ரெண்டு" என்று சொல்லிவிடுவாள், பிறகு நிம்மதியாகக் கையெழுத்துப் போடலாம் என்பதுதான் அவள் கணக்கு.

அந்தப் பெண்ணுக்குப் பகல் ஷிஃப்ட். ஆஸ்பத்திரிக்கே போக வேண்டியதாயிற்று. வாசலில் விசாரித்தபோது செக்யூரிட்டி, "ஓ, சீல் அக்காவா?" என்று நிமிர்ந்து நின்று வழி சொன்னான். அடித்தளம், இடது பக்கம், கடைசிக் கதவு. செருப்புக்கு மேலேயே நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு நுழைய வேண்டும்.

கருவிகளைச் சுத்தம் செய்கிற அறை. ஆபரேஷன் முடிந்த கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் ஒரு பக்கம் ரத்தத்தோடு வருகின்றன. கழுவி, துடைத்து, தட்டில் அடுக்கி, துணியில் கட்டி, ஆட்டோகிளேவ் என்ற ஆள் உயர இரும்புப் பெட்டிக்குள் வைத்தால், நீராவியில் வெந்து இன்னொரு பக்கம் வெளியே வருகின்றன. கட்டின் மேல் ஒரு நாடா ஒட்டுவார்கள். உள்ளே நீராவி சரியாகப் பட்டிருந்தால் நாடாவில் உள்ள கோடுகள் கறுத்திருக்கும். அதைப் பார்த்து, சீட்டில் சீல் குத்திக் கையெழுத்துப் போடுகிறவள்தான் சீல் அக்கா. முப்பத்தேழு வயது, ஒல்லி, தலையில் துணித் தொப்பி, மூக்கு நுனியில் கண்ணாடி. ஃபாரம்மாவைவிட ஒன்பது வயது சின்னவள். ஆனாலும் அங்கே எல்லோருக்கும் அவள் அக்காதான்.

"வாங்கக்கா! ஞாயித்துக்கிழமை வந்தீங்கள்ல? அந்த ஸ்டூல்ல உக்காருங்க. எதையும் தொட்ராதீங்க" என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த இடுக்கியின் மூட்டுப் பகுதியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "கழுத்துல அழுக்கு வச்சுக்கிட்டு எங்கடா போற?" என்று இடுக்கியைத் திட்டி, திரும்பத் தொட்டியில் போட்டாள்.

ஃபாரம்மா பலகையை எடுத்து வாயைத் திறக்கப் போன நேரத்தில், சுவரில் இருந்த சின்ன ஜன்னல் திறந்தது. அந்தப் பக்கம் பெரிய டாக்டர் நின்றார். ஆஸ்பத்திரி வாசலில் ஆள் உயரத்துக்கு மாட்டியிருக்கும் படத்தில் சிரிக்கிறாரே, அவரேதான். ஃபாரம்மா தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டாள். சீல் அக்கா எழுந்திருக்கவில்லை. அவள் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தாள், வேலை அப்படி.

"என்னம்மா, ஆச்சா?"

"நாலு ட்ரே ஆச்சு டாக்டர். ஒண்ணு ஆகல."

"அதான் பெட்டி திறந்தாச்சே?"

"திறந்தாச்சு. இந்த ஒண்ணுல மட்டும் நாடா ஓரத்துல வெளுப்பு. மறுபடி போடணும்."

டாக்டர் கண்ணாடியை ஏற்றி எட்டிப் பார்த்தார். "எங்க வெளுப்பு? கறுத்துதானே இருக்கு?"

"உங்க கண்ணுக்குக் கறுப்பு. என் கண்ணுக்கு இன்னும் பழுப்பு."

ஃபாரம்மாவும் எட்டிப் பார்த்தாள். சத்தியமாக அவள் கண்ணுக்கும் கறுப்புதான்.

"எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு மணி நேரம் வச்சுக்குங்க."

"ஒரு மணி நேரமா! மேல மொத்த டீமும் காத்துக்கிட்டிருக்கும்மா. நான் சொல்றேன், ஒண்ணும் ஆகாது. சீலைக் குத்து."

சீல் அக்கா குரலை உயர்த்தவில்லை. "பேஷன்ட்டுக்கு மயக்க மருந்து குடுத்தாச்சா டாக்டர்?"

"இன்னும் இல்ல."

"அப்ப ஒரு மணி நேரம் படுத்திருக்கட்டும். ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போங்க, நான் தடுக்கல. என் சீல் கேட்டா, நான் பாத்தது கறுப்பா இருக்கணும்."

போச்சு, இவளுக்கு இன்றைக்கு வேலை போச்சு என்று ஃபாரம்மா மனசுக்குள் அடித்துக்கொண்டாள். பெரிய டாக்டர் அந்த நாடாவை இன்னொரு தடவை பார்த்தார், அவளைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"சரி, நான் போய் ஒரு டீ குடிச்சுட்டு வரேன். முடிஞ்சதும் ஆள் அனுப்பும்மா" என்றவர், ஃபாரம்மாவைப் பார்த்து, "இவங்ககிட்ட ஏதாவது கையெழுத்து வாங்க வந்திருந்தீங்கன்னா, பாவம் நீங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஃபாரம்மா ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். நாற்பத்தாறு வயதில் அவள் சொன்ன "ஆகல" என்ற சொல்லுக்காக ஒரு மனிதர் ஒரு நிமிஷம் காத்திருந்தது கிடையாது. அவளுக்குப் பொறாமையாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. எழுந்து கைதட்ட வேண்டும்போல இருந்தது.

ட்ரேயைத் திரும்பப் பெட்டிக்குள் தள்ளி, கதவை முறுக்கி, கையுறையைக் கழற்றிவிட்டு சீல் அக்கா எதிரே வந்து உட்கார்ந்தாள். "இப்ப சொல்லுங்கக்கா, ஒரு மணி நேரம் நான் ஃப்ரீ."

ஃபாரம்மா அட்டையை நீட்டி, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை, கேள்வியை இன்னொரு முறை கேட்கச் சொல்கிறார்கள் என்றாள்.

"கேளுங்க."

கேட்டாள்.

"ஒன்பது."

"இல்லம்மா, நல்லா யோசிச்சு... மேல் படியில வசதி, படிப்பு..."

"மதிப்புன்னும் சொன்னீங்க." சீல் அக்கா அட்டையை வாங்கித் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டாள். "எங்கம்மா இதே ஆஸ்பத்திரியிலதான் வேலை பாத்தாங்க, வராண்டா துடைக்கிற வேலை. வாளியோட லிஃப்ட்ல ஏறக் கூடாது. ஆறு மாடியும் நடைதான். பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க, 'ஏ வாளி'ம்பாங்க. அவங்கள இதுல எங்க நிறுத்துவீங்க?"

"ஒண்ணாம் படியில."

"அதுக்கும் காலத் தூக்கி வைக்கணும்லக்கா? அவங்கள ஏணிகிட்டயே விடல. தரையில நின்னாங்க. உங்க அட்டையில தரையே போடல, பாருங்க."

ஃபாரம்மா பார்த்தாள். ஏழு வருஷமாகக் கையில் வைத்திருக்கும் அட்டை. ஏணி அந்தரத்தில்தான் நின்றது, கீழே ஒரு கோடுகூட இல்லை.

"பதினேழு வயசுல அதே வாளிய நான் தூக்கினேன். ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரைக்கும்தான் துடைக்கலாம், உள்ள விட மாட்டாங்க. அப்புறம் ஒரு நாள் உள்ள துடைக்கிறவ வரல, என்னை விட்டாங்க. துடைச்சுக்கிட்டே அந்தக் கருவியெல்லாம் பாப்பேன். எது எதுக்கு ஜோடி, எதோட மூக்கு வளைஞ்சது, எல்லாம் மனசுல ஏத்திக்குவேன். ஏன்னு கேட்டா தெரியாது, பாக்க ஆசை. ஒரு நாள் ஆபரேஷன் முடிஞ்சு எண்ணுறாங்க, ஒண்ணு குறையுது. நர்சம்மா அழுவுறாங்க. வளைஞ்ச மூக்குல சின்னதுதானே, அழுக்குத் துணி மூட்டைக்குள்ள போச்சேன்னு சொன்னேன். அவிழ்த்தா இருக்கு! அதோட கழுவுற வேலைக்கு மாத்திட்டாங்க." அவள் சிரித்தாள். "இருநூத்தி முப்பது கருவிக்கா. பேரெல்லாம் இங்கிலீஷு. படிக்கத் தெரியாது, ஒவ்வொரு எழுத்தையும் கோலம் மாதிரி வரைஞ்சு வரைஞ்சு பழகினேன். அதுக்கே மூணு வருஷம். சீல் கைக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. நீங்களே எண்ணிப் பாருங்க, எத்தனை படி வருதுன்னு."

"ஆனா வீடு, வருமானம் எல்லாம் பாத்தா..."

"அதெல்லாம் மறைச்சேனா? காசைத் தனியா கேட்டீங்க, சொன்னேன். வீட்டைத் தனியா கேட்டீங்க, கக்கூஸ் வெளியன்னு அதையும் சொன்னேன். கடைசியில எங்க நிக்கிறேன்னு தனியா கேட்டீங்க, சொன்னேன். மூணும் ஒண்ணுதான்னா, எதுக்குக்கா மூணு தடவை கேக்குறீங்க?"

பெரிய படிப்புக்காரர்கள் கூடிக் கூடிப் பேசி எழுபத்திரண்டு கேள்வியாகப் பிரித்து வைத்ததை இவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"அப்படின்னா பத்தே போட்டிருக்கலாமே?" என்று சும்மா சீண்டிப் பார்த்தாள்.

"பத்துல ஏறி நின்னா, அடுத்த காலை எங்க வைக்கிறதாம்?"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் சீல் அக்கா கூர்ந்து பார்த்தாள். நாடாவைப் பார்த்த அதே பார்வை.

"ரெண்டுன்னு போட்டா உங்களுக்கு நல்லதா?"

பொய் சொல்ல ஃபாரம்மாவுக்கு மனசு வரவில்லை. பின்னறை, பாப்பா, லிஸ்ட், மூன்று கொடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது.

சீல் அக்கா அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். "அப்ப ரெண்டுன்னே போட்டுக்குங்கக்கா. காகிதம் உங்களது, பொழைப்பும் உங்களது. எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல. ஆனா நான் சொன்னேன்னு மட்டும் எழுதாதீங்க."

ஃபாரம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க எந்தப் படின்னு போட்டீங்க?" என்று சீல் அக்காவே பேச்சை மாற்றினாள்.

"நானா? ட்ரெயினிங்ல எங்களையும் ஒரு ஃபாரம் நிரப்பச் சொன்னாங்க. அஞ்சு போட்டேன்."

"எதை வச்சு அஞ்சு?"

"வீட்டுல ஃப்ரிட்ஜ் இருக்கு, வாஷிங் மெஷின் இருக்கு, கார் இருக்கு..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திக்கொண்டாள். ஃப்ரிட்ஜ் அக்காவுடையது. மெஷின் அக்காவுடையது. கார் மாமாவுடையது. அதில் அவள் ஏறியது பதினொரு வருஷத்தில் நாலே தடவை. பதினொரு ஃப்ரிட்ஜ் சொன்ன கடைக்காரரைப் பார்த்து எவ்வளவு சிரித்தாள்! அவராவது தன் கடையைச் சேர்த்தார்.

அதற்குள் பெட்டி மணி அடித்தது. சீல் அக்கா எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். நாடாவை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்து, "இப்பதான்டா கறுப்பு" என்றாள். டக்கென்று சீல் விழுந்தது. அந்தச் சத்தம் பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் ஃபாரம்மாவின் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை காலையில் அவள் ஃபாரத்தை சூப்பர்வைசர் மேஜையில் வைத்தாள். ஒன்பது, ஒன்பதாகவே இருந்தது. 'நேரில் கேட்டு உறுதி செய்தேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்து. குறிப்பு எழுதுகிற கட்டம் இரண்டு விரல் அகலம்தான். அதில் இடம் போதாமல் பின்பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். வாளி, லிஃப்ட், இருநூற்று முப்பது கருவி, நாடா, பெரிய டாக்டரின் டீ, ஒன்றுவிடாமல்.

"மேடம், உங்களுக்குப் பைத்தியமா?" என்று சூப்பர்வைசர் எகிறினார். கால் ஆடுகிற வேகத்தில் மேஜையே ஆடியது. "நாளைக்கு லிஸ்ட்! ஏழு வருஷம்! ஒரே ஒரு நம்பர் மாத்துறதுக்கு உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"எனக்கு அது கறுப்பாத் தெரியல சார்."

"என்னது?"

"ரெண்டுன்னு கையெழுத்துப் போட முடியலன்னேன் சார். அவங்க நிக்கிறது ஒன்பதுல. நான் என் கண்ணால பாத்தேன்."

வீடு போச்சு, மேஜை போச்சு, பாப்பா இன்னும் குப்புறப் படுத்துத்தான் எழுத வேண்டும். எல்லாம் தெரிந்துதான் சொன்னாள். அதனால்தான் எனக்கு அவளைப் பிடிக்கிறது.

சூப்பர்வைசர் ஃபாரத்தைத் திருப்பிப் படிக்க ஆரம்பித்தார். முதலில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, பிறகு மெதுவாக. கால் ஆடுவது நின்றுவிட்டது. அலமாரியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார். சூப்பர்வைசரே நேரில் போய்க் கேட்டு, அதே பதில் வந்தால், கொடியை எடுத்துவிடலாம் என்று அதில் ஒரு விதி இருக்கிறது. அந்த விதியை இதுவரை யாரும் தொட்டதில்லை. எந்த சூப்பர்வைசர் வெயிலில் போவார்?

"எந்த பஸ்ஸு மேடம் அந்த ஆஸ்பத்திரிக்கு?" என்றார்.

மதியம் போனவர் ஐந்து மணிக்குத்தான் திரும்பி வந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. ஷூவின் மேல் மாட்டிய நீலப் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற மறந்து, தெரு, பஸ், மாடிப்படி எல்லாம் சரக் சரக்கென்று அப்படியே நடந்து வந்திருக்கிறார். ஆபீஸே வாயைப் பொத்திக்கொண்டது.

"ஒண்ணேகால் மணி நேரம் வெளியில நிக்க வச்சுட்டாங்க மேடம்."

"அவசரம்னு சொல்லியிருக்கலாமே சார்?"

"சொன்னேனே! 'இங்க வர்ற எல்லாருக்கும் அவசரம்தான் சார், கொஞ்சம் ஓரமா நில்லுங்க'ன்னுட்டாங்க." அவர் நாற்காலியில் சாய்ந்தார். "அதுக்குள்ள ஒரு டாக்டர் வந்து, என்னைவிட ஓரமா நின்னாரு."

பேனாவை எடுத்து ஃபாரம்மாவின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். சிவப்புக் கொடி மறைந்தது. "ஒன்பதுதான். ஒன்பதேதான். எனக்கே நான் ஏழுதான் போட்டிருக்கேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே லிஸ்ட்டை உறையில் போட்டு ஒட்டினார். முதல் பெயர் ஃபாரம்மாவுடையது.

ஃபாரம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இரண்டையும் முந்தானையில் துடைத்துக்கொண்டாள். வீட்டுக்கு ஓடிப் போய்ப் பாப்பாவிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. ஆனால் போகவில்லை.

"சார், ட்ரெயினிங்ல நாங்க நிரப்பின ஃபாரமெல்லாம் இருக்குமா?"

"அதை எவன் பாக்கப் போறான்? அந்தக் கீழ் அலமாரியில கிடக்கும்."

தேடி எடுத்தாள். ஏழு வருஷத்துப் பழுப்பு ஏறிய தாள். ஃப்ரிட்ஜ், உண்டு. வாஷிங் மெஷின், உண்டு. கார், உண்டு. அதையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்து, 'இல்லை' என்று எழுதினாள். கடைசியில் ஏணி. அஞ்சை அடித்துவிட்டுப் பக்கத்தில் மூன்று என்று எழுதினாள்.

எட்டிப் பார்த்த சூப்பர்வைசர் பதறினார். "என்ன மேடம், வேலை கிடைக்கிற நேரத்துல ரெண்டு படி இறங்கிட்டீங்க?"

"அஞ்சுல நின்னது எங்கக்கா சார். நான் நிக்கிறது இங்க. இனிமே ஏறினா அது நான் ஏறினதா இருக்கும்."

சொல்லிவிட்டு, 'நேரில் கேட்டு உறுதி செய்தேன்' என்ற வரிக்குக் கீழே, நிதானமாக, முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.